பாயம்மாவின் இரண்டு பிரெஞ்சு வாக்கியங்கள்

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் பாயசம் வந்தால் அந்தக் கிண்ணத்தை நீங்கள் எப்போது திருப்பிக் கொடுப்பீர்கள்? நாளைக்கா? அடுத்த வாரமா? உண்மையைச் சொல்லுங்கள், அது இன்னும் உங்கள் வீட்டு ஷெல்ஃபில்தானே கிடக்கிறது?

பாயம்மா வீட்டுக்குப் போன கிண்ணம் அன்று விளக்கு வைப்பதற்குள் திரும்பி வந்துவிடும். காலியாக வராது. நாங்கள் கொடுத்தது முக்கால் கிண்ணம் என்றால் வருவதும் முக்கால் கிண்ணம்தான். அப்பா நைனார்பாளையம் காட்டிலிருந்து மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்த நாளில் அம்மா அவித்துக் கொடுத்தனுப்பினாள். சாயங்காலம் தேங்காய்ப்பால் கஞ்சி வந்தது. கஞ்சிக்கு அம்மா அடை செய்தாள். அடைக்கு சமோசா வந்தது. அம்மாவுக்கு ரோஷம், விடவில்லை. கடைசியில் ஒருநாள் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்: "இனிமே அந்த வூட்டுக்கு ஒண்ணும் குடுக்கக் கூடாதுடி. அவங்க தாராளத்துல திருப்பறது இல்ல. பயத்துல திருப்பறாங்க. பாவமா கீது."

அம்மா சொன்னது சரி. அது பயம்தான்.

எங்கள் பக்கத்தில் முஸ்லிம் வீட்டுப் பெண்களைப் பாயம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். தெருவில் யாரும் கேட்டதில்லை, நானும்தான். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் வளையல் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, அதற்கு ஒட்டினாற்போல எங்கள் வீடு. வீட்டுக்காரர் சீக்கிரம் போய்விட்டார். ஒரே மகன் சலீம். யார் கையைப் பிடித்தாலும் பாயம்மாவின் விரல்கள் தானாகக் கை முட்டியை அழுத்தி வளையல் அளவு பார்க்கும். "ரெண்டு நாலு", "ரெண்டு ஆறு" என்று வாய் முணுமுணுக்கும். கல்யாண வீட்டில் கை கொடுத்தாலும் அப்படித்தான். இழவு வீட்டிலும் அப்படித்தான், நானே பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை சின்னசேலத்திலிருந்து பஸ்ஸில் அவரோடு வந்தேன். கூட்டம் பிதுங்கியது. ஒரு காலேஜ் பையன் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தான். வேறு யாராக இருந்தாலும் உட்கார்ந்து தூங்கியிருப்பார்கள். இவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி நீட்டி ஊர் பெயர்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் திடீரென்று எழுந்து அந்தப் பையனின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரு தம்பி."

"வேணாம்மா, பரவால்ல."

"நீ நின்ன தூரம் நான் நிக்கணும்ல? உக்காருன்றேன்."

பஸ்ஸே சிரித்தது. அவன் மானம் போய் உட்கார்ந்தான். இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர் வரைக்கும் நின்றார். நின்ற பிறகுதான் முகத்தில் ரத்தமே வந்தது.

இதுவரைக்கும் படித்துவிட்டு 'ஸ்வீட்டான அம்மா' என்று நினைக்கிறீர்களா? இருங்கள்.

ஒரு கண்டக்டர், வளையல் பெட்டி இடத்தை அடைக்கிறது என்று, "எடம் இல்ல, எறங்கு" என்று பாதி வழியில் பாயம்மாவை இறக்கிவிட்டான். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தே வந்தார். யாரிடமும் புலம்பவில்லை. பல மாதம் கழித்து அந்தக் கண்டக்டரின் மனைவி, மாசமாக இருந்தவள், வளைகாப்புக்கு வளையல் எடுக்க வந்தாள். நான் கடையில்தான் இருந்தேன். பாயம்மா ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து காட்டினார். அவள் ஆசை ஆசையாகப் பொறுக்கி வைத்தாள். பாதி பொறுக்கியதும் பாயம்மா எல்லாவற்றையும் திரும்பப் பெட்டியில் வைத்து மூடினார்.

"எடம் இல்லம்மா. எறங்கு."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த வயிற்றோடு வெயிலில் அடுத்த தெருக் கடைக்கு நடந்து போனாள். அவள் போனதும் நான் கேட்டேன்.

"இன்னா பாயம்மா, அந்தப் பொண்ணு இன்னா பண்ணிச்சு?"

"அது ஒண்ணும் பண்ணல. ஆனா அந்தாளுக்கு இப்ப வூட்டுல போய் ஒறைக்கும்ல? அவ்ளோதான். ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்ல." சொல்லிவிட்டு டம்ளரை எடுத்து நிதானமாகத் தண்ணீர் குடித்தார். பஸ்ஸில் பார்த்த அதே முகம்.

நல்லதோ கெட்டதோ, தன் மேல் வந்தது அதே அளவில் திரும்பிப் போகாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஏன் இப்படி என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டேன். கையில் வளையலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"சலீம் பொறந்தப்ப எனக்குப் பால் வரல பாப்பா. எதிர் வூட்ல ஒரு பொண்ணு, அவளுக்கும் அப்பத்தான் கொழந்த. அவ தான் குடுத்தா. அவளுக்கு எதுனா செய்யணும்னு யோசிச்சிக்கினே இருந்தேன். மஞ்சக்காமாலைல போய்ட்டா. அத எங்க கொண்டு போய் எறக்கி வெக்கிறது சொல்லு?"

நான் அடுத்த வளையலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். எப்போதும் ஏதாவது கவுண்டர் போடுகிற வாய் எனக்கு.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன். அப்போது கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகவில்லை. நான் காலேஜ் இரண்டாம் வருஷம், லீவில் வீட்டில் இருந்தேன். மலை ஊர்களில் திருவிழா என்றால் சலீம் பைக்கின் பின்னால் வளையல் பெட்டியைக் கட்டிக்கொண்டு கரியாலூர் பக்கம் போவான். அன்று கொண்டை ஊசி வளைவில் விழுந்துவிட்டான். தலையில் அடி, வலது கால் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. ரோடு முழுக்க வளையல் சில்லு.

அருவி பார்க்கப் பாண்டிச்சேரியிலிருந்து வாடகைக் காரில் வந்த ஒரு பிரெஞ்சுக்கார அம்மாதான் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு மலை இறங்கியது. டிரைவர் கால் பக்கம் பிடிக்க, அந்த அம்மா தலையை மடியில் வைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் வந்திருக்கிறது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. என் அம்மா வயதிருக்கும். வெள்ளைக் காட்டன் சட்டையில் முன்பக்கம் முழுக்கச் சலீமின் ரத்தம். பாயம்மாவைப் பார்த்ததும் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டியது. பாயம்மா வாங்கிக் குடித்தார். அவர் கையில் அந்த பாட்டில் நடுங்கியது மகனுக்காகவா, வாங்கிக்கொண்டதற்காகவா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

பையன் பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் வந்து சொன்ன பிறகுதான் அந்த அம்மா கிளம்பியது. நான் "போன்ழூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னேன். நாலு மணிக்குச் சொல்ல வேண்டியதுதானா என்று தெரியாது, எனக்கு வந்தது அதுதான். அதற்கே அந்த அம்மாவின் முகம் மலர்ந்து, டிரைவரிடம் சொல்லி என் நம்பரை வாங்கிக்கொண்டது. பைக் வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் எழுதிக்கொண்டார்கள். சலீமுக்கு வளைவு வரைக்கும்தான் ஞாபகம்.

அன்றிலிருந்து பாயம்மா சரியாகச் சாப்பிடவில்லை. சலீம் தேறி வீட்டுக்கு வந்த பிறகும் சாப்பிடவில்லை. கடையில் தப்புத் தப்பாக அளவு சொன்னார்.

"அவங்களுக்குப் பையன் இருப்பானாடி? அவன் எங்கியாச்சும் ரோட்ல வுழுந்தா, அங்க நான் இருப்பனா? நான் எப்பிடிப் போவேன் அங்க?"

"பாயம்மா, அவங்க பையன் ஏன் வுழணும்? நல்லா இருக்கட்டும் வுடுங்க."

"அதான் நானும் துவா பண்றேன். நல்லா இருந்துட்டா நான் எப்பத் திருப்பறது?"

இந்த லட்சணத்தில் டிரைவர் போன் பண்ணினார். மேடம் ஊருக்குத் திரும்பப் போகிறதாம், அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை பையனைப் பார்க்க வருகிறதாம். பாயம்மா என் வீட்டுக்கு ஓடி வந்தார்.

"நீ பிரெஞ்சு படிச்சவதானே? எனக்குச் சொல்லிக் குடு."

படித்தவள்தான். பிளஸ் டூவில் தமிழை விட்டுவிட்டு மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. எங்கள் புத்தகத்தில் ஒரு ஆள் வருஷம் முழுக்க ரயில் நிலையத்துக்கு வழி கேட்டுக்கொண்டே இருப்பான். அவ்வளவுதான் என் பிரெஞ்சு. ஆனால் ஊருக்குள் நான் விட்டிருந்த பில்டப் வேறு லெவல், பின்வாங்க முடியாது.

"'மெர்ஸி'ன்னா போதும் பாயம்மா. தேங்க்ஸ்."

"தேங்க்ஸ் சொல்றது கைய கழுவிக்கிற மாதிரி. நான் யாருக்கும் சொன்னது இல்ல. சரி, இவங்களுக்குச் சொல்றேன், வேற வழி இல்ல. ஆனா அது மட்டும் போதாது. நான் உங்களுக்கு எதுனா செய்யணும், இன்னா வேணும்னு கேளுங்க, அப்டின்னு ஒண்ணு சொல்லணும்."

இரண்டு வாக்கியம் தேற்றினேன். 'ழெ வூ ரெமெர்ஸி.' உங்களுக்கு நன்றி. 'ஸி ழெ ப்பெ ஃபேர் கெல்க ஷோஸ் பூர் வூ, தித் லெ முவா.' உங்களுக்கு நான் ஏதாவது செய்ய முடியுமென்றால் சொல்லுங்கள். அந்த வாரம் வளையல் போட வந்த பெண்களெல்லாம் பயந்து போனார்கள். கையில் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே பாயம்மா கண்ணை மூடி "கெல்க ஷோஸ், கெல்க ஷோஸ்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். "இன்னா பாயம்மா, மந்திரமா? வளையலு ஒடையாம இருக்கவா?" என்று ஒருத்தி கேட்டாள்.

எனக்கு வேறு கவலை. நன்றி சொன்னால் பிரெஞ்சுக்காரர்கள் 'தெ ரியான்' என்பார்கள். ஒன்றுமில்லை என்று அர்த்தம். மரியாதைக்குச் சொல்வது. இரண்டாவது வாக்கியத்துக்கும் சிரித்துக்கொண்டே ஒன்றும் வேண்டாம் என்றுதான் பதில் வரும். வந்தால் இந்த மனுஷி என்ன ஆவார்? மகனின் உயிரை இவர் மேல் இறக்கி வைத்துவிட்டு அந்த அம்மா விமானம் ஏறிவிட்டால், இவர் எந்தக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்?

"அவங்க ஒண்ணும் வேணாம்னு சொல்லிட்டா?" என்று கேட்டே விட்டேன்.

"கேக்குற வரைக்கும் கைய வுட மாட்டேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வந்தது. தனியாகத்தான் உள்ளே வந்தது. டிரைவர் காரை விட்டு இறங்கவில்லை. எதிர் டீக்கடைக்காரர் கூப்பிட்டும் இறங்கவில்லை, டீயை ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டார். சலீம் கட்டிலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தான். அந்த அம்மா அவன் காலையே பார்த்தது, முகத்தைப் பார்க்கவில்லை. பாயம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அதன் இரண்டு கைகளையும் பிடித்தார். விரல் முட்டியை அழுத்தியது. "ரெண்டு எட்டு" என்று உதடு அசைந்தது. பிறகு பரீட்சை மாதிரி ஒரே மூச்சில் முதல் வாக்கியத்தைச் சொன்னார்.

அந்த அம்மா திகைத்துப் போய், "தெ ரியான்" என்றது.

"இன்னா சொல்றாங்க?"

"ஒண்ணும் இல்லன்றாங்க பாயம்மா. மரியாதைக்கு."

"எம் புள்ள ஒண்ணும் இல்லியா?" என்று என்னைப் பார்த்து முறைத்துவிட்டு, பிடியை இன்னும் இறுக்கி, இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னார். தப்பே இல்லாமல் சொன்னார். 'தித் லெ முவா' என்று முடிக்கும்போது பாயம்மாவின் குரல் கெஞ்சியது.

அந்த அம்மா அழ ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கழித்து வேகமாக ஏதோ பேசியது. எனக்கு 'கார்' புரிந்தது, 'டிரைவர்' புரிந்தது, 'பிள்ளைகள்', 'போலீஸ்' புரிந்தது. மெதுவாகச் சொல்லுங்கள் என்றேன். அது கையை விடுவித்துக்கொண்டு காட்டியது. இடது கை மேலே ஏறி வந்தது, அது சலீமின் பைக். வலது கை வளைவில் அகலமாகத் திரும்பி இறங்கியது. இரண்டு கையும் இடித்துக்கொண்டன.

எனக்கு முன்னால் சலீமுக்குப் புரிந்துவிட்டது.

"யம்மா, அந்தக் காருதாம்மா என்னை இடிச்சுது!"

பாயம்மா அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "முழுசா சொல்லு. ஒண்ணும் முழுங்காத."

சொன்னேன். அந்த அம்மா மெதுவாகத் திரும்பச் சொல்லச் சொல்ல, துண்டு துண்டாக எனக்குப் புரிந்தது இது: டிரைவர்தான் இடித்தது. ஓடிப்போயிருக்கலாம், ஓடவில்லை. பயத்தில் ஆஸ்பத்திரியில் பைக் வழுக்கியது என்று சொல்லிவிட்டார். இந்த அம்மாவால் அதைச் சொல்லாமல் ஊருக்குப் போக முடியவில்லை. கேட்கச் சொன்னதால் கேட்கிறது: போலீசுக்குப் போக வேண்டாம். அவருக்கு வண்டி ஓட்டுவது போனால் குடும்பம் போய்விடும்.

"பாயம்மா, நீங்க ஒத்துக்க வேணாம்" என்று நானே கத்தினேன். "நான் சொல்லிக் குடுத்தது சும்மா பேச்சுக்குச் சொல்றது. கேஸ் போட்டா சலீம் காலுக்கு இன்சூரன்ஸ் வரும். அவன் இன்னமே எப்பிடி நடப்பான்னு தெரியல!"

"நீ சொல்லிக் குடுத்தே. வாயத் தொறந்து சொன்னது யாரு? கேளுன்னு சொன்னேன், கேட்டுட்டாங்க." கொஞ்ச நேரம் சலீமின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரின்னு சொல்றதுக்கு இன்னாடி?"

"யம்மா!" என்றான் சலீம்.

"இன்னான்னு கேட்டேன்."

"தக்கோர்."

"தக்கோர்" என்றார் அந்த அம்மாவிடம். ஒத்திகை பார்க்காத ஒரே பிரெஞ்சு அதுதான்.

அந்த அம்மா பாயம்மாவைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தது. பாயம்மா ஒரு நிமிஷம் மிரண்டார். அப்புறம் அதன் இரண்டு கன்னத்திலும் திருப்பிக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் பாயம்மா நேராகக் கடைக்குள் போய், ஒரு சின்ன வளையல் அட்டையை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிக் காரை நோக்கி நடந்துகொண்டிருந்தார். பின்னாலேயே ஓடினேன்.

டிரைவர் கதவைத் திறந்து இறங்கி நின்றார். முப்பது, முப்பத்தைந்து வயசு இருக்கும். "அம்மா" என்றார்.

"பொண்ணு இருக்கா உனுக்கு?"

"இருக்குதும்மா. ரெண்டாவது படிக்குது."

பாயம்மா வளையல் அட்டையை அவர் கையில் வைத்தார். சின்னக் கைக்கான சிவப்புக் கண்ணாடி வளையல்.

"புள்ளைய ரோட்ல போட்டுட்டு ஓடாம, காலப் புடிச்சி வண்டில ஏத்துனியே, இது அதுக்கு."

டிரைவர் கும்பிட்டார். கண்ணில் தண்ணீர்.

"இடிச்சதுக்கு இன்னான்னு யோசிச்சிக்கினு கீறேன்" என்றார் பாயம்மா. அதே குரல்தான், ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "போலீசு இல்லன்னு சொல்லிட்டேன், அது இல்ல. வேற. தோணும்போது சொல்லி அனுப்புறேன்."

கார் போய்விட்டது. கண்டக்டர் மனைவியின் வயிறு கண் முன்னால் வந்து நின்றது. ஜாஸ்தியும் இல்லை, கம்மியும் இல்லை என்றால், ஒரு காலுக்கு என்ன?

அந்த டிரைவருக்கும் அது தெரிந்திருந்தது. காத்திருந்த நேரத்தில் டீக்கடைக்காரர் பாயம்மா கதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார், கண்டக்டர் கதையையும் சேர்த்து. அந்த வாரமே எனக்குப் போன் வந்தது.

"பாப்பா, அந்தம்மா எதுனா சொன்னாங்களா?"

"இல்லண்ணே."

"பொண்ண ஸ்கூல் வேன்ல அனுப்ப பயமா இருக்குது பாப்பா. நானே கொண்டு வுடறேன்."

"அவங்க அப்பிடிலாம் பண்ற ஆளு இல்லண்ணே" என்றேன். சொல்லும்போது எனக்கே உறுதியில்லை. பாயம்மா ஒரு எறும்பைக்கூட நசுக்க மாட்டார். ஆனால் அந்தக் கர்ப்பிணிப் பெண்ணை வெயிலில் நடக்க விட்டவரும் அவர்தான்.

சலீமின் வலது கால் இடது காலைவிடக் குட்டையாகிப் போனது. மலைக்குப் போவது நின்றது, கடையிலேயே உட்கார்ந்தான். கொஞ்ச நாள் அம்மாவோடு பேசாமல் இருந்தான், அப்புறம் பேசினான். பாயம்மா பழையபடி சாப்பிட்டார், பழையபடி சரியாக அளவு சொன்னார். பிரெஞ்சுக்கார அம்மாவின் பேச்சு வந்தால் முகம் தெளிவாக இருக்கும், அது முடிந்த விஷயம். மற்றதைக் கேட்டால் ஒரே பதில்தான்.

"யோசிச்சிக்கினுதான் கீறேன்."

"மன்னிச்சி வுட்டுறலாம்ல பாயம்மா?"

"மன்னிக்கிறதும் நான் ஒண்ணு குடுக்குறதுதானே? அதுக்கு அவன் எனுக்கு இன்னா திருப்புவான்? பாவம், அவனும் தூங்க மாட்டான்."

டிரைவர் இப்போதே தூங்குவதில்லை என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதுவே போதும் என்று பாயம்மா விட்டிருப்பாரோ என்னவோ. ஒரே ஒரு தடவை, நான் வேலை கிடைத்துச் சென்னைக்குக் கிளம்பிய அன்று, என் கைக்கு வளையல் போட்டுக்கொண்டே கேட்டார்: "அந்தப் பொண்ணு இப்ப எத்தினியாவது படிக்குது?" தெரியாது என்றேன். நிஜமாகவே எனக்குத் தெரியாது. அதற்கு மேல் கேட்கவில்லை. வளையல் ஒன்று உடைந்தது. அவர் கையில் வளையல் உடைந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

டிரைவர் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை கூப்பிடுவார். நலம் விசாரிப்பார், மழையைப் பற்றிப் பேசுவார், கடைசியில் குரலைத் தாழ்த்தி அதே கேள்வி. நான் அதே பதில்.

பாயம்மா போன மாதம் இறந்துவிட்டார். டிரைவர் அண்ணனுக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது என் போனில் அவர் நம்பர் அடித்துக்கொண்டிருக்கிறது.